மாப்பிள்ளைக்குத் தடிமன்

போன கிழமை எனக்கு மூக்கு ஒழுகித் தடிமன் பிடித்தது. இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் தாதியாகவே காலம் கழித்து ஓய்வு பெற்ற ஒருத்திக்குத் தடிமன் பிடித்தால், அது வீட்டாருக்கும் அயலாருக்கும் பெருநாள். இவ்வளவு காலமும் இவள்தானே நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், இனி நாம் சொல்லுவோம் என்று வரிசையில் வந்தார்கள். மகள் கொத்தமல்லி அவித்தாள். அடுத்த வீட்டு ராத்தா கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்துக் கொண்டுவந்தார். மருமகன் பாமசிக்குப் போய் ஒரு பெட்டி குளிசை வாங்கிவந்து, நான் படுக்கையில் எழும்பி உட்காரும்வரை மரியாதையாக நின்று தந்தார். அவர் போன பிறகு மகள் வந்து இன்னொரு பெட்டியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் என்னோடு முன்பு வேலை செய்த சின்னத் தாதி ஒருத்தி பார்க்க வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம், நானும் எழுத வேண்டுமாம். இப்போது சனங்கள் போனைப் பார்த்துத் தாங்களே மருந்து குடிக்கிறார்கள், உங்கள் காலத்தில் இந்தத் தொல்லை இல்லைதானே என்று கேட்டாள். எங்கள் காலத்தில் போன் இல்லைதான். சொந்தக்காரர் இருந்தார்கள்.

மட்டக்களப்பில் தாதியர் பயிற்சி எடுத்தேன். இருதயத்துக்கு எத்தனையோ பாடம், சிறுநீரகத்துக்கு எத்தனையோ பாடம், மூக்குக்கு அரை நாள். பிறகு கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வெளிநோயாளர் பிரிவில் கொண்டுவந்து போட்டார்கள். மாரி தொடங்கிய முதல் காலையிலேயே பாதி ஊர் அந்த மூக்கைத்தான் தூக்கிக்கொண்டு வந்து நின்றது.

எங்கள் சனங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். காலில் ஆணி ஏறினால் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்துவிட்டு வயலுக்குப் போவார்கள். தடிமன் வந்தால் மட்டும் ஊசி வேண்டும். ஊசி போடாமல் அனுப்பினால் டொக்டர் தங்களை மதிக்கவில்லை என்று அர்த்தம். தடிமனுக்கு ஊசி இல்லை, அது வந்த வழியே தானாகப் போகும் என்று சொன்னால், நமக்கு வேலை தெரியாது என்று அனுதாபமாகப் பார்ப்பார்கள்.

இந்த ஊருக்கு இப்படி ஒரு டொக்டர் வாய்த்தது அல்லாஹ்வின் ஏற்பாடு என்றுதான் சொல்வேன். காரைதீவுக்காரர். மெலிந்த மனுசன், வேகமாக எதையும் செய்ய மாட்டார். நோயாளி வந்து உட்கார்ந்ததும் என்ன வருத்தம் என்று கேட்க மாட்டார். மேசையைக் கையால் ஒருதரம் தடவி இடம் எடுத்துவிட்டு, "பையக் கொட்டுங்க" என்பார். அதனால் ஊரில் அவருக்குப் பெயரே பை டொக்டர்.

புதிதாய் வருகிறவர்கள் முழிப்பார்கள். நான் பக்கத்தில் நின்று விளக்குவேன். வீட்டில் குடித்தது, பூசியது, ஓதி வாங்கியது எல்லாவற்றையும் மேசையில் வைக்கவேண்டும். வைக்காதவருக்கு மருந்துத் துண்டு எழுத மாட்டார். ஆகவே சனங்கள் வரும்போதே பையோடு வரப் பழகினார்கள். தைலப் போத்தல் வரும், பாதி குடித்த பாணி மருந்து வரும், போன வருடம் மச்சானுக்கு எழுதிய அன்டிபயோட்டிக் மிச்சம் வரும். டொக்டர் பேனை முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி மூன்று குவியலாகப் பிரிப்பார். ஒன்று, குடிக்கலாம். இரண்டு, தேவையில்லை. மூன்று, ஒரே மருந்து வேறு வேறு சட்டை போட்டு வந்திருப்பது. மூன்றாவது குவியலை மட்டும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் எங்கள் சிற்றூழியர் வைத்துவிட்டுப் போன தேநீரை ஒரு மிடறு குடிப்பார். தேநீரை ஒருநாளும் ஆறவிட மாட்டார்.

அவர் ஏசி நான் கேட்டதில்லை. "நல்ல வீடு, கவனிக்கிற ஆக்கள் இரிக்காங்க" என்பார். கொத்தமல்லி முதல் குவியலில்தான் எப்போதும் இருக்கும். தடிமனை அது விரட்டாது, ஆனால் தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தண்ணீரும் போகும் என்பது அவர் தீர்ப்பு. உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள், நன்றாகப் படுங்கள், கஞ்சி குடியுங்கள், உடம்பு நொந்தால் பரசிட்டமோல். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் நக்கக் கொடுக்காதீர்கள். ஆவி பிடிக்கிற பானையைப் பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் வைக்காதீர்கள். மூச்சு இழுத்தால், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாமல் இருந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம், டெங்குவாகவும் இருக்கலாம், வந்து இரத்தம் குத்திப் பாருங்கள். இதை அவர் ஒரு நாளில் எத்தனை தரம் சொன்னாலும் முதல் தரம் சொல்வதுபோலவே சொல்வார். எனக்குத்தான் வாய் நொந்துவிடும்.

இனி, அந்த மாப்பிள்ளையின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். புது மாப்பிள்ளை என்றால் அந்த வீட்டில் அரசன், அதே நேரம் கைதியும்தான். சாப்பாடு மலைபோல் வரும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. தட்டில் மிச்சம் விட்டால் மாமியின் சமையலைக் குறை சொன்னதாகும். மாமியோ முன்னுக்கு வந்து கதைக்க மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மகள் மூலமாகத்தான் எதுவும் சொல்வார். இப்போது அந்த வழக்கம் தளர்ந்துவிட்டது. என் மருமகன் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். ஆனால் அந்த வீட்டில் அப்போது வழக்கம் இறுக்கமாகவே இருந்தது.

மாமியின் பெயர் சுபைதா உம்மா. மகள் பர்சானா. மாப்பிள்ளை றிஸ்வான் சம்மாந்துறைப் பொடியன். கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் அவருக்குத் தடிமன் பிடித்தது. வேறு யாருக்குப் பிடித்திருந்தாலும் அது தடிமன். புது மாப்பிள்ளைக்குப் பிடித்ததால் அது குடும்பத்தின் மானம். சம்மாந்துறையில் இருந்து அவருடைய தாய் வந்து, பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அது ஊருக்கெல்லாம் போய்ச் சேரும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவரை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். தடிமனுக்கு வருகிறவர் மாதிரி இல்லை. மூக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் முந்தின இரவில் இருந்து தின்றது தங்காமல் சத்தி, சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளிப்பு, வலது பக்க விலாவுக்குக் கீழே நோவு. பர்சானாவும் அவளுடைய வாப்பாவும், விடுமுறையில் கட்டாரில் இருந்து வந்திருந்த அவளுடைய அண்ணனான காக்காவும் கூட வந்தார்கள். சுபைதா உம்மா உள்ளே வராமல் வெளித் தூணுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டு நின்றார். அவர் கையில் ஒரு பிளாஸ்க் இருந்தது.

டொக்டர் மேசையைத் தடவினார். பர்சானா பையைக் கொட்டினாள். பரசிட்டமோல் அட்டை ஒன்று, தைலப் போத்தல் ஒன்று, அவ்வளவுதான். வேறென்ன குடித்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். றிஸ்வான் வெளியே தூணைப் பார்த்தார். வேறொன்றும் இல்லை என்றார். டொக்டர் அவருடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், விலாவுக்குக் கீழே மெல்ல அமத்தினார். பிறகு பேனையை மூடிச் சட்டைப் பையில் போட்டார். பேனையை மூடினால் அவர் எதையோ நம்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, அவரை வாட்டில் ஒரு கட்டிலில் படுக்கவைக்கச் சொன்னார். முடிவு வரப் பின்னேரமாகும். அதுவரைக்கும் என்னை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்கச் சொன்னார். ஒருவர் முன்னால் மற்றவர் வாய் திறக்க மாட்டார்கள், அதுவும் மாப்பிள்ளை முன்னால் சாகும்வரை திறக்க மாட்டார்கள் என்றார். காரைதீவில் பிறந்த மனுசனுக்கு எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடப்பது எப்படித் தெரியும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பைகளைப் பார்த்தே படித்திருப்பார்.

முதலில் பர்சானா. நேற்றுக் காலையில் இருந்து நாலு நேரமும் இரண்டு இரண்டு குளிசை கொடுத்ததாகச் சொன்னாள். பரசிட்டமோல் வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு எட்டு, அதற்கு மேல் கூடாது. அவளுடைய கணக்கு அந்த எட்டைத் தொட்டு நின்றது. அவளை மட்டும் கேட்டிருந்தால் நல்ல மனைவி என்று சொல்லி அனுப்பியிருப்பேன். வாப்பா தேநீர்க் கடையில் நின்றார். மாப்பிள்ளைக்கு வெறும் குளிசை கொடுப்பதாவது என்று, சுடுதண்ணீரில் கரைக்கிற தடிமன் தூள் வாங்கிக் கொடுத்தாராம், எலுமிச்சை வாசமாம், மாப்பிள்ளை விரும்பிக் குடித்தாராம். அதுவும் நேற்றுத்தான். காக்கா மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். அவர் கட்டாரில் இருந்து கொண்டுவந்து நேற்று மாப்பிள்ளைக்குக் கொடுத்த தடிமன் குளிசையைப் பெருமையாக எடுத்துக் காட்டினார். இங்குள்ள மருந்து மாதிரி இல்லை மிஸ்ஸி, பவர் கூட என்றார். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். பரசிட்டமோல். தூளிலும் பரசிட்டமோல். ஒரே ஆள் மூன்று வாசலால் வீட்டுக்குள் வந்திருக்கிறார், வீட்டாருக்குத் தெரியவில்லை. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது, ஏனென்றால் மாப்பிள்ளைக்குக் கொடுத்ததை வாய்விட்டுச் சொல்வது சொல்லிக்காட்டுவதாகும். மாப்பிள்ளையும் எல்லாவற்றையும் விழுங்கியிருக்கிறார், ஏனென்றால் வேண்டாம் என்பது மரியாதை இல்லை.

டொக்டரிடம் சொன்னேன். அவர் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நேத்துத் தொடங்கின கணக்கு. உடம்பு அப்பிடிச் சொல்லல்ல," என்றார். "இன்னும் ஒரு கை இரிக்கி மிஸ்ஸி."

அந்தக் கை எதுவென்று இரண்டு பேருக்கும் தெரியும். பரசிட்டமோல் அளவோடு குடித்தால் சாதுவான மருந்து. அளவு மீறி நாட்கணக்காகப் போனால் ஈரலைத் தின்னும், தின்று முடிக்கும்வரை பெரிதாகச் சத்தம் போடாது. எத்தனை நாளாக என்று தெரிந்தால்தான் மாற்று மருந்தை உடனே ஏற்றத் தொடங்குவதா, பின்னேரம் வரை பார்ப்பதா என்று தீர்மானிக்கலாம்.

தூணடிக்குப் போனேன். சுபைதா உம்மா பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்திருந்தார். கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் மட்டும்தான் அவித்துக் கொடுத்தேன் என்றார். பிளாஸ்க்கை வாங்கி மூடியில் ஊற்றி மணந்து பார்த்தேன். இன்று அவித்தது, மல்லி வாசம்தான். ஆனால் அவருடைய கண் என் முகத்தில் நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சம்மாந்துறையில் இருந்து மாப்பிள்ளையின் தாய் வந்து இறங்கினார். பெரிய உடம்பு, பெரிய குரல். நேரே வாட்டுக்குள் போய் மகனுடைய கட்டிலில் உட்கார்ந்தார். என் பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள் என்று அவர் கேட்டது வெளித் தூணுக்கும் கேட்டது. சுபைதா உம்மா தூணோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெண் வீட்டில் குடியிருக்கிற மாப்பிள்ளை தாய் வீட்டுப் பக்கம் இரண்டு கிழமை போகாவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒரு கதை கிளம்பும். மாமி எதையோ கலந்து கொடுத்து வசியம் பண்ணிவிட்டாள் என்பார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள், ஆனால் சொல்லப்பட்டவள் சிரிக்க மாட்டாள். எந்த மாமிக்கும் உலகத்திலேயே பெரிய பயம் அதுதான்.

"என்னத்தக் கலந்த நீங்க உம்மா?" என்று மெல்லக் கேட்டேன்.

அவர் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டார். பிறகு அதற்குள்ளாலேயே சொன்னார். தடிமன் பிடித்த முதல் நாளில் இருந்தே கொத்தமல்லித் தண்ணீருக்குள் குளிசையைப் பொடித்துக் கரைத்துக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளைக்குத் தொண்டை நோவு, முழுசாக விழுங்கக் கஷ்டம் என்று மகள் சொன்னாளாம். கேட்டால் வேண்டாம் என்பாரோ என்று கேட்காமலே கரைத்தாராம். பனங்கட்டி கூடப் போட்டாராம், கசப்புத் தெரியாமல் இருக்க. நேற்றிரவு சத்தி எடுத்த பிறகுதான் பயந்து விட்டாராம்.

உள்ளே வந்து டொக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். சம்பந்தி உள்ளே இருக்கிறார், கலந்தேன் என்ற வார்த்தையை அவர் காது கேட்டால் என் மகளின் வாழ்க்கை முடிந்தது, நீங்களே சொல்லிவிடுங்கள் மிஸ்ஸி என்றார். எனக்கு அந்த மனுசியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. நான் சொல்லத்தான் போகிறேன், தாமதிக்க மாட்டேன், ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், டொக்டர் கேட்கும் கேள்விக்கெல்லாம் நான் தூணுக்கும் கட்டிலுக்கும் ஓட முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன். நான் வாட்டு வாசலைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

சுபைதா உம்மா என்னை முந்திக்கொண்டு கட்டிலடிக்கு வந்தார். மருமகனுக்கு முன்னால் அவர் வந்து நின்றது அதுதான் முதல் தரம். சம்பந்தி எழும்பினார். அங்கே நின்ற டொக்டர் யாரும் பேசாமல் இருக்கக் கையைக் காட்டினார்.

"கொத்தமல்லிக்குள்ள நான்தான் கலந்த மனே," என்றார் சுபைதா உம்மா. "வசியமில்ல. பரசிட்டமோல்."

டொக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் பதில் சொன்னார். எப்போதிருந்து, எத்தனை தரம், ஒரு கோப்பைக்கு எத்தனை. ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் முடிக்கும் முன்னமே டொக்டர் மாற்று மருந்தை எடுத்துவரச் சொல்லி எனக்குக் கண் காட்டிவிட்டார். அன்று அவருடைய தேநீர் மேசையில் ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. சம்பந்தியின் பக்கம் திரும்பி, உங்கள் மகனுக்கு வந்திருப்பது கவனிப்புக் கூடிப்போன வருத்தம், நாலு பேர் நாலு பக்கத்தால் நேசித்திருக்கிறார்கள் என்றார். அந்த அம்மாவின் மூக்கு விடைத்திருந்தது.

நான் றிஸ்வானின் கையில் ஊசியை ஏற்றிச் சேலைனை மாட்டினேன். அவர் அந்தக் கையைப் பார்க்காமல் கட்டிலடியில் நின்ற மாமியைப் பார்த்தார்.

"கசந்திச்சு மாமி. தெரிஞ்சுதான் குடிச்ச நான்," என்றார்.

"என்னெண்டு நெனச்சிக் குடிச்ச நீங்க?"

றிஸ்வான் தன் தாயை ஒருதரம் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"வசியமெண்டுதான் நெனச்ச," என்றார். "தேவயில்லாத வேல, நான் எங்கயும் போகமாட்டன்தானே எண்டு நெனச்சிக் குடிச்ச."

வாட்டில் பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கினார். டொக்டர் ஜன்னலைப் பார்த்தார். நான் சேலைன் துளிகளை எண்ணுவதுபோல் நின்றேன், ஒரு துளியும் கண்ணுக்குத் தெரியவில்லை. சுபைதா உம்மா முக்காட்டால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டு அழுதார். அதற்குள்ளே சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது.

பிறகு சம்பந்தி கையை நீட்டி அந்தப் பிளாஸ்க்கைக் கேட்டார். இதற்குள் என்ன இருக்கிறது என்றார். மல்லியும் வேர்க்கொம்பும் மட்டும்தான், மிஸ்ஸி மணந்து பார்த்தார் என்றார் சுபைதா உம்மா. சம்பந்தி மூடியில் ஊற்றி ஒரு மிடறு குடித்தார், வாயில் வைத்து ருசி பார்த்தார், மிச்சத்தையும் குடித்தார்.

"எனக்கும் தொண்ட கரகரக்கிது மச்சி. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்றார்.

பின்னேரம் வந்த இரத்த முடிவு டொக்டர் பயந்தபடிதான் இருந்தது. மருந்து அதற்கு முன்னமே பாதி ஏறிவிட்டிருந்தது. அடுத்த சில நாட்கள் இரண்டு தாய்மாரும் முறைபோட்டு அந்தக் கட்டிலடியில் இருந்தார்கள், றிஸ்வானுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பதென்றாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள். என் உயிரை வாங்கினார்கள். ஈரல் பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்குப் போகிற அன்று சுபைதா உம்மா கதவுக்குப் பின்னால் போகவில்லை. மருமகனுக்குப் பக்கத்திலேயே ஓட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இனி நான் தருவது வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லவேண்டும், நான் கோவிக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லிக்கொண்டு போனார். ஓட்டோ வாசலைத் தாண்டும்வரை அவர் பேசி முடிக்கவில்லை. மூன்று மாதத்துக் கதையெல்லாம் சேர்ந்து கிடந்திருக்கிறது.

சின்னத் தாதி கேட்டதற்கு இதுதான் பதில். இதை எழுதி முடித்துவிட்டுத் தலையணைப் பக்கம் திரும்பினேன். மருமகன் தந்த பெட்டி இருந்தது, மகள் வைத்த பெட்டியும் இருந்தது. காலையில் மருமகன் தந்ததை விழுங்கியிருந்தேன். இப்போது மத்தியானத்துக்கு மகள் வைத்ததையும் கையில் எடுத்தேன். அவர் தந்ததை மகளிடம் சொன்னால் அவருக்கு ஒரு மாதிரி இருக்குமே, மகள் தந்ததை வேண்டாமென்றால் அவள் முகம் சுருங்குமே என்று நானும்தான் யோசித்தேன். இத்தனை காலம் ஊருக்குச் சொன்ன வாய்.

வீட்டில் எனக்கு வந்த மருந்தெல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு இரண்டு பேரையும் கூப்பிட்டேன். படுக்கை விரிப்பைக் கையால் ஒருதரம் தடவி இடம் எடுத்துவிட்டு, பையைத் தலைகீழாகக் கொட்டினேன்.